ஒற்றையரா, இரட்டையரா: முழங்கால் காட்டும் கணக்கு

முப்பத்தாறு வயதில் வலது முழங்கால் வீங்கி, மூன்று மாதம் களத்துப் பக்கமே போகாமல் இருந்த பின்னர்தான் நான் ஒற்றையர் டென்னிஸை விட்டு இரட்டையருக்கு மாறினேன். ஆகையால் இந்த ஒப்பீட்டில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். இதை எழுத வைத்தவன், பதினேழு வயதில் டென்னிஸைத் தொழிலாகக் கொள்ளும் எண்ணத்தோடு இருக்கும் என் பெறாமகன். "சித்தப்பா, ஒற்றையரிலை எடுபடாத ஆக்கள்தான் இரட்டையருக்குப் போறவை எண்டு சொல்லுறாங்கள், உண்மையே?" என்று சென்ற கிழமை கேட்டான்.

பாதி உண்மை. இரட்டையரில் பேர்போன இந்திய வீரர் ரோகன் போபண்ணா ஒற்றையர் தரவரிசையில் முதல் 200 இடங்களுக்குள் வந்ததில்லை. ஆனால் இன்னொரு இந்திய இரட்டையர் வீரரான லியாண்டர் பயஸ் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றவர். 1999இல் மகேஷ் பூபதியோடு பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் இரட்டையரில் கைப்பற்றியது அதற்குப் பிறகு.

பணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2024 அவுஸ்திரேலிய ஓபனில் இரட்டையர் கிண்ணம் வென்ற சோடிக்கு 730,000 அவுஸ்திரேலிய டொலர், அதாவது ஆளுக்கு 365,000. ஒற்றையரில் நான்காம் சுற்றோடு வெளியேறியவருக்கோ 375,000. புகழும் அந்தப் பக்கமே.

என் தராசு சாய்வது உடலைப் பேணும் கணக்கில். ஒற்றையர் ஆட்டக்காரர் 8.23 மீற்றர் அகலக் களத்தைத் தனியே காக்கிறார். இரட்டையரில் அகலம் 10.97 மீற்றராக இருந்தாலும் ஆளுக்கு ஐந்தரை மீற்றர்தான் வருகிறது. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஆடவர் ஒற்றையர் ஐந்து செட் வரை நீளும்போது, இரட்டையர் மூன்று செட்டோடு முடிந்துவிடும்; விம்பிள்டன்கூட 2023இல் இதற்கு இறங்கி வந்தது. வழமையான ஏ.டி.பி. (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) இரட்டையர் போட்டிகளில் டியூஸ், அதாவது 40-40 சமநிலை, வந்தால் ஒரே புள்ளியில் தீர்ப்பு, மூன்றாம் செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி வரை போகும் குறுகிய டைபிரேக்கர்.

ஆனால் நேரத்தைவிடக் கால் அசையும் விதமே முக்கியம். யாழ்ப்பாணத்தில் வைகாசி, ஆனி மாதங்களில் சோளகம் வீசும்போது ஒற்றையர் ஆடியவர்களுக்கு இது தெரியும்: பின்கோட்டில் நின்று காற்றுக்கு எதிராக உந்தி அடிக்கும்போது, வரும் பந்து கடைசிக் கணத்தில் விலகும், பக்கவாட்டில் ஓடிய கால் சடாரென்று நின்று திரும்ப வேண்டும். அந்த நின்று திரும்புதலில்தான் என் முழங்கால் போனது. இரட்டையரில் சேர்விஸ் போட்டு முன்னே வந்து, வலையருகில் இரண்டு மூன்று அடி வைத்து, பந்து நிலத்தில் படுமுன் வொலி அடிப்பதோடு பெரும்பாலான புள்ளிகள் முடிகின்றன. தோளுக்கு மட்டும் சலுகை இல்லை. சேர்விஸ் எங்கும் சேர்விஸ்தான்.

முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகாசனத்தால் வலியைத் தணித்துக்கொண்ட போபண்ணா, 43 ஆவது வயதில் மத்தியூ எப்டனோடு அந்த 2024 அவுஸ்திரேலிய ஓபனை வென்று, இரட்டையர் தரவரிசையில் முதலிடமும் பெற்றார். அதே ஆண்டு 35 வயதான தமிழ்நாட்டு வீரர் ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்தோடு சீனாவின் ஹாங்சோவில் ஏ.டி.பி. பட்டம் வென்றார். ஒற்றையரில் இந்த வயதுகளில் பெரும்பாலானோர் பயிற்றுநராகியிருப்பார்கள்.

இரட்டையரின் வில்லங்கம் சோடி. பெரிய போட்டிகளில் இருவரின் தரவரிசையையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள் என்பதால், கூட்டாளி சறுக்கினால் நாமும் வெளியே; ஒற்றையர் தரவரிசையைக் காட்டியும் நுழையலாம் என்பதால் ஒற்றையர் நட்சத்திரங்கள் வந்து இடத்தை எடுத்துக்கொள்வதும் உண்டு. கிழமைக்கொரு நாட்டில், கூட்டாளி மாறி மாறி ஆடும் வாழ்க்கையை நான் வாழ்ந்தவன் அல்லன். என் அனுபவம் ஊர்ப் போட்டிகளோடு சரி. ஆறு வருடமாக என்னோடு ஆடுபவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை, ஆனால் என் தலைக்கு மேலால் போகும் பந்தை விட்டதுமில்லை.

பெறாமகனிடம் இருபத்திரண்டு வயது வரை ஒற்றையரும் ஆடு, வொலியை இப்போதே பழகு என்றேன். அவன் இடக்கைக் கூட்டாளி ஒருவனைத் தேடத் தொடங்கியிருக்கிறான்.