ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு 4,500 ரூபாய் வாங்கிப் போனார்: பெங்களூரில் லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மேஜைக்குக் கீழே ஒரு உபுண்டு (லினக்ஸ்) சர்வர், எல்.ஆர். (லாரி ரசீது) எல்லாம் அதில்தான். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எதுவும் சேவ் ஆகவில்லை. 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றது. பழைய ரசீதைத் திறக்கலாம், புதிதாக ஒரு எழுத்து ஏறாது. வாசலில் நாமக்கல் வண்டி லோடு கட்டி நிற்கிறது, டிரைவர் "அண்ணா, எல்.ஆர்.?" என்று நச்சரிக்கிறார்.

எஸ்.பி. ரோடு பக்கம் சர்வீஸ் பண்ணுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். கிருஷ்ணகிரிக்காரர், நம்ம தமிழ். அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை, என் புத்தி அவ்வளவுதான். வந்ததும் டிஸ்கை மறுபடி எழுதும்படி திறக்கிற ரீமவுன்ட் கமாண்ட் அடித்தார், ஏற்கவில்லை. ரீஸ்டார்ட் தட்டினார். ஓடியது. "வைரஸ்ணா, எடுத்துட்டேன்." பத்து நிமிஷம், 4,500 ரூபாய்.

வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எழுதும்போது கோளாறு தெரிந்தால், இருக்கிற டேட்டா மேலும் கெடாமல் இருக்க எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) தானே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். டிஸ்கை எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லும் எங்கள் எஃப்எஸ்டாப் ஃபைலில் 'எரர்ஸ்=ரீமவுன்ட்-ஆர்ஓ' (கோளாறு வந்தால் படிக்க மட்டும்) என்று இருந்தது, அந்த வேலைதான். ரீஸ்டார்ட் பண்ணினால் பூட்டு கழன்றுவிடும், காரணம் அப்படியே இருக்கும். அவர் டி-மெசேஜ் (சிஸ்டத்தின் பதிவைக் காட்டும் கமாண்ட்) ஓட்டி ஒரு வரி படித்திருந்தால் 'ஐ/ஓ எரர்', அதாவது டிஸ்கில் படிக்க எழுத முடியாத கோளாறு, கண்ணில் பட்டிருக்கும்.

வியாழக்கிழமை மறுபடி நின்றது. இந்த முறை பூட் ஆகவே இல்லை, டிஸ்கைத் திறக்க முடியாமல் பாதியில் நின்று, இனிட்ராம்எஃப்எஸ் என்று கறுப்புத் திரை. அதே ஆள் வந்து, பேக்கப் உண்டா என்று கேட்காமலே, ஃபைல் சிஸ்டத்தை ரிப்பேர் பண்ணுகிற எஃப்எஸ்சிகே-க்கு '-ஒய்' (கேட்கிற எல்லாவற்றுக்கும் யெஸ்) கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சாகக் கிடக்கிற டிஸ்கில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்வது எவ்வளவு பெரிய வினை என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு புரோகிராம் வைத்து வேறு டிஸ்கில் அப்படியே நகல் எடுக்க வேண்டும், ரிப்பேரை அந்த நகலில் பார்க்க வேண்டும். எங்களுக்கு மிஞ்சியது லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் '#131087' மாதிரி வெறும் நம்பர் போட்ட ஃபைல்கள். எது எந்தப் பார்ட்டியுடையது என்று பெயரே கிடையாது.

அதற்குப் பிறகு "டிஸ்க் போச்சுண்ணா" என்று 4 டிபி சீகேட் ஒன்றை 9,800 ரூபாய்க்கு மாட்டினார். புத்தம் புதிது, சீல் என்றார். பழைய டிஸ்கை ஸ்மார்ட்சிடிஎல்-இல் (டிஸ்கின் உடல்நிலை காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தேன்: கரன்ட் பென்டிங் செக்டர், அதாவது சரியாகப் படிக்க முடியாத இடங்கள், 88. போனது நிஜம்தான். (இந்த எண் பூஜ்யமாக இருந்து யூடிஎம்ஏ சிஆர்சி எரர் (டேட்டா போகும் வழியில் வரும் பிழை) மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதிச் செலவு மிச்சம்.)

புது டிஸ்க்? பவர்-ஆன் ஹவர்ஸ் (ஓடிய மணி நேரம்) 3 என்றது. சந்தோஷம். ஆனால் சீகேட்டில் ஃபார்ம் என்று தனிப் பதிவு ஒன்று உண்டு, ஸ்மார்ட்சிடிஎல் 7.4-இலிருந்து 'மைனஸ் எல் ஃபார்ம்' என்று கேட்டால் காட்டும். அதில் 22,410 மணி நேரம். எங்கோ இரண்டரை வருஷம் இரவு பகல் உழைத்த டிஸ்க், மீட்டரைப் பூஜ்யமாக்கி என்னிடம் வந்திருக்கிறது. இதே தில்லுமுல்லு 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பெரிதாக வெளிவந்தது. தயாரிப்பாளர் விற்றது இல்லை, நடுவில் யாரோ செய்த வேலை. சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரன்டி பக்கத்தில் போட்டேன், வாரன்டி எப்போதோ முடிந்திருந்தது. காசு கொடுக்கிறதுக்கு முன்னால் அவர் எதிரிலேயே இந்த இரண்டையும் பாருங்கள்.

போன் பண்ணினேன். "பில்லு போட்டுத் தந்தேனாண்ணா?" என்றார். தரவில்லை. 'எஸ்டிமேட்' என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி இல்லை, சீரியல் நம்பர் இல்லை. யுபிஐ ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன்.

கார்பன் காப்பி புத்தகத்தைப் பார்த்துப் பழைய எல்.ஆர்.களை நானும் ஆபீஸ் பையனும் ராத்திரி ராத்திரி திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் 140 பாக்கி.