நேராக ஓடாத வண்டி: தொடக்கப் பள்ளிக்குக் கிட்டா, பழைய பொருளா, திரையா?

நுங்கு வண்டி ஓட்டி வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் கையாலேயே தெரியும். நுங்கு தோண்டித் தின்ற இரண்டு பனங்காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் இறுக்கிச் செருகி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளுவோம். ஒரு காய் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் அமைந்துவிட்டால், வண்டி சின்னக் காய் இருக்கும் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஒரே குச்சியில் இரண்டும் சேர்ந்து சுற்றுவதால் பெரிய காய் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் தூரம் உருள்கிறது. இதை எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. வண்டி வேலியில் போய் முட்டியது, காயை மாற்றினோம்.

இன்று நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தையும் சேர்த்து, கையால் செய்து கற்கும் 'ஸ்டீம்' முறையைப் பற்றிப் பயிற்சிகளில் நிறையக் கேட்கிறோம். ஆனால் அதற்கான ஏற்பாடுகள் பெரும்பாலும் எங்களைத் தாண்டித்தான் தொடங்குகின்றன. மத்திய அரசு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தந்து பள்ளிகளில் அமைக்கும் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பிலிருந்துதான். தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாடுகள் உண்டு, ஆனால் அதன் முதல் கவலை வாசிப்பும் கணக்கும். ஆகவே எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு எதைக் கையில் கொடுப்பது என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். கண்முன் இருப்பவை மூன்று: கடையில் விற்கும் கிட், வீட்டில் தூக்கிப் போடும் பொருள்கள், கணினித் திரை.

மூன்றுக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தேன். வகுப்பறைத் தரையில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடுகள். அந்தக் கோடுகளைத் தொடாமல் இரண்டு மீட்டர் தூரம் தானாக ஓடும் வண்டி வேண்டும்.

கிட்டிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பெட்டி. கோத்தால் கச்சிதமாகப் பொருந்தும் துண்டுகள், சின்ன மோட்டார், பேட்டரிப் பெட்டி, படிப்படியாகப் படம் போட்ட கையேடு. குழந்தைகள் கையேட்டைப் பார்த்து அரை மணி நேரத்துக்குள் வண்டியை முடித்தார்கள். வண்டி கோடு பிசகாமல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். சரி, அப்புறம்? அதற்குமேல் அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வண்டி ஏன் நேராக ஓடுகிறது என்று கேட்டால் "அந்த புக்குல அப்படித்தான் இருக்கு டீச்சர்" என்றார்கள். அச்சு நேராக இருக்க வேண்டும், சக்கரம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பெட்டியைச் செய்தவர் முன்பே யோசித்துத் தீர்த்துவிட்டார். குழந்தைக்கு மிஞ்சியது படத்தைப் பார்த்துப் பொருத்தும் வேலை மட்டும். அதுவும் நல்ல பயிற்சிதான், ஆனால் நான் தேடியது அது இல்லை.

இதோடு கிட்டைத் தள்ளிவிடுவது நியாயமும் இல்லை. மறுநாள் கையேட்டை என் மேசைக்குள் வைத்துவிட்டு, இதே வண்டி சாய்த்து வைத்த பலகையில் ஏற வேண்டும் என்றேன். அப்போதுதான் பெட்டியின் உண்மையான பலம் தெரிந்தது. 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுற்றினால் மோட்டார் மூன்று சுற்று சுற்றும்போது வண்டிச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறையும், இழுவை கூடும். இதை அட்டையில் பல் வெட்டிக் காட்ட நான் பலமுறை முயன்றிருக்கிறேன், பல் மடங்கிவிடும். கிட்டில் ஒரே ஒரு பல்சக்கரத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துச் சோதிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை இதைவிடச் சுத்தமாகக் கற்றுத்தரும் பொருள் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

இழப்புகளும் உண்டு. ஒரு பெட்டியைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுகிறார். வகுப்பு முடிவில் துண்டுகளை எண்ணி வைக்கவே கால் மணி நேரம் போகிறது. ஒன்று காணாமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே சில பிள்ளைகள் தொடுவதில்லை. செய்ததை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. மென்பொருளோடு வரும் விலை உயர்ந்த பெட்டிகளில் இன்னொரு சிக்கல்: தயாரிப்பதை நிறுவனம் நிறுத்திவிட்டால் நாளடைவில் செயலியும் உதிரித் துண்டும் கிடைக்காமல் போகலாம். 1998-இல் வந்து உலகம் முழுக்கப் பள்ளிகளுக்குள் போன லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட் வரிசையையே அந்த நிறுவனம் 2022-உடன் நிறுத்திக்கொண்டது.

அடுத்தது பழைய பொருள். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பற்பசைப் பெட்டி, தண்ணீர் பாட்டில் மூடி நான்கு, இரண்டு ஸ்ட்ரா, அவற்றுக்குள் நுழையும் மெல்லிய மூங்கில் குச்சிகள், ஒரு பலூன், செல்லோ டேப். பலூனின் வாயில் இன்னொரு ஸ்ட்ராவைக் கட்டி, ஊதி விட்டால் காற்று பின்னால் பீறிட வண்டி முன்னால் போகும். முப்பது பேர் வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு வண்டி என்று செய்தாலும் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை.

பத்து வண்டிகளில் ஒன்றுகூட முதல் முறை நேராக ஓடவில்லை. ஒன்று நகரவே இல்லை, ஒன்று நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "டீச்சர், எங்க வண்டி சுவத்துக்கே போகுது" என்றாள். அவளுக்கு விடை சொல்ல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். "மூணு தடவை விட்டுப் பாரு. மூணு தடவையும் அதே பக்கம்தான் போகுதா?" என்று மட்டும் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா டீச்சர், இடது பக்கமே போகுது" என்றாள்.

அந்தக் கேள்வியை வேண்டுமென்றேதான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கம் போனால் ஏதோ ஒன்று தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். எப்போதும் ஒரே பக்கம் போனால் ஏதோ ஒன்று கோணலாக நிலைத்துவிட்டது. முன்னதற்குச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும், பின்னதற்கு அச்சையும் பலூன் குழலையும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் விளக்காமல், "அப்போ எது கோணலா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவள் குழுவில் இருந்த பையன் ஒருவன் கோடு போட்ட நோட்டைத் திறந்து, வண்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தான். பின் அச்சு கோட்டோடு ஒட்டி நின்றது, முன் அச்சு கோட்டை வெட்டிக்கொண்டு போனது. டேப்பைப் பிரித்து ஒட்டினார்கள். வாசிப்பதில் வகுப்பிலேயே பின்தங்கியிருந்த பையன் அவன். இணைகோடுகளை அடுத்த வாரம் பாடமாக எடுத்தபோது நான் கரும்பலகையில் வரைவதற்கு முன்பே, "வண்டி அச்சு மாதிரி" என்றான்.

ஆனாலும் பழைய பொருளுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எட்டு வயதுக் குழந்தையின் வண்டியில் ஒரே சமயத்தில் நான்கு தப்புகள் இருக்கும்: மூடியின் துளை நடுவில் இல்லை, அச்சு கோணல், சக்கரம் பெட்டியில் உரசுகிறது, பலூன் சாய்ந்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தாலும் வண்டி ஓடாது. சரியானதைச் செய்தும் பலன் தெரியாவிட்டால் குழந்தை சோர்ந்துவிடுகிறது. அன்று இரண்டு குழுக்கள் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டன, ஒரு பிள்ளை அழுதே விட்டது. அதிலிருந்து, மூடிகளில் துளையை நானே முந்தின நாள் போட்டு வைக்கிறேன். பல மூடிகளின் நடுவில் அச்சில் வார்த்தபோது விழுந்த சின்னப் புள்ளி இருக்கும், காய்ச்சிய ஊசியை அங்கே குத்தினால் துளை நடுவில் விழும். இப்படி ஒரு தப்பை நான் எடுத்துக்கொண்டால் மற்ற மூன்றோடு அவர்களால் மல்லுக்கட்ட முடிகிறது.

குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் மேதமையை இந்த இடத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு 1978 வாக்கில் சேர்ந்து வேலை செய்தபோது, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வ் டியூபால் இணைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். வால்வ் டியூப் மலிவானது. அதோடு தீக்குச்சியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் இணைப்பு கழன்று குழந்தையைக் குழப்புவதில்லை. நான்கு குச்சியில் செய்த சதுரத்தைத் தள்ளினால் சாய்கிறது, மூன்று குச்சியில் செய்த முக்கோணம் அசையாமல் நிற்கிறது. சதுரத்தைச் சாயாமல் நிறுத்த என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். எங்கள் வகுப்பில் மூலைக்கு மூலை குறுக்குக் குச்சி போடுவதைக் கண்டுபிடிக்க ஒரு பீரியட்கூட ஆகவில்லை. பாலத்திலும் செல்போன் கோபுரத்திலும் முக்கோணம் முக்கோணமாக இருப்பதை அன்று மாலையே கவனித்து வந்து சொன்னார்கள். எந்தப் பழைய பொருளையும் கொடுக்கலாம் என்பதில்லை. தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும், அதில்தான் ஆசிரியரின் உழைப்பு.

திரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட, குழந்தைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம், 8 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்டது. தப்புச் செய்தால் ஒன்றும் உடையாது, வீணாகாது, அடுத்த நொடியே மறுபடி ஓட்டலாம். கட்டளைகளின் வரிசை, திரும்பத் திரும்பச் செய்தல், 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்கிற சிந்தனை ஆகியவற்றுக்கு அருமையான இடம். ஆனால் நம் வண்டிக் கேள்வியை அங்கே கேட்டால் அர்த்தமே இல்லை. திரையில் வண்டி எப்போதும் நேராகத்தான் போகும், உராய்வு வேண்டுமென்றால் அதையும் நாமே எழுத வேண்டும். உராய்வைத் தரையில் பார்க்காத குழந்தை அதை எப்படி எழுதும்? மேலும் எங்களிடம் இருப்பது ஒரே மடிக்கணினி.

கட்டளைகளை வரிசையாக யோசிக்கும் அந்தச் சிந்தனைக்கு மின்சாரமே தேவையில்லாத வழி ஒன்று வாசலில் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து கோலங்களைக் கணினி அறிவியலில் 'இலக்கணம்' எனப்படும் விதிகளாக ஆராய்ந்து 1974-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் செய்வது எளிமையானது. இரண்டு குழந்தைகள் முதுகோடு முதுகாக உட்கார்வார்கள். ஒருவர் கையில் வரைந்த சிக்குக் கோலம், மற்றவர் தாளில் வெறும் புள்ளிகள். முதல் குழந்தை வாயால் மட்டும் சொல்ல வேண்டும்: எந்தப் புள்ளியில் தொடங்குவது, எந்தப் பக்கம் வளைவது, எத்தனை முறை அதையே செய்வது. கோடு தொடங்கிய இடத்தில் வந்து மூடவில்லை என்றால் எங்கோ ஒரு கட்டளை தப்பு. எது என்று இருவரும் திரும்பிப் போய்த் தேடுவார்கள். ஸ்டீமின் ஐந்தில் ஒன்றான கலையைப் பல நேரம் கடைசியில் ஜிகினாத் தாள் ஒட்டும் வேலையாகச் சுருக்கிவிடுகிறோம். இந்தக் கோலத்தில் கலையைப் பிரித்தெடுத்தால் பாடமே இல்லை.

மூன்றுக்கும் பொதுவான ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எவ்வளவு சொல்லித் தருவது? குழந்தையிடமே முழுக்க விட்டுவிட்டால் தானே கண்டுபிடிக்கும் என்று நானும் சில காலம் நம்பினேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. புதிதாகக் கற்பவரின் நினைவு ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது கொஞ்சம்தான், வழிகாட்டல் இல்லாமல் விட்டால் தேடுவதிலேயே அது தீர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அழுத பிள்ளையைப் பார்த்தபின் எனக்கு அதில் உண்மை தெரிகிறது. இப்போது ஸ்ட்ராவை ஒட்டுவது, குச்சியை நுழைப்பது போன்ற கைவேலையை நானே செய்துகாட்டிவிடுகிறேன். வண்டி ஏன் கோணலாகப் போகிறது என்பதை மட்டும் ஒருபோதும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்பு வரை நான் பழைய பொருளைத்தான் எடுப்பேன். பள்ளியில் கொஞ்சம் பணம் இருந்தால் மென்பொருள் இல்லாத, பல்சக்கரங்கள் உள்ள ஒரு கிட்டைப் பொதுவாக வாங்கி வைக்கலாம். பலூன் வண்டியைச் செய்து முடித்தவர்களிடம் மட்டும் அதைக் கொடுக்க வேண்டும். திரை அதற்கும் அப்புறம் வரட்டும். விளையாடுவது மூன்றாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் எந்த வழியிலும் வேண்டாம், விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இந்த ஆண்டு பார்த்த ஒரு காட்சி. பலூன் வண்டி செய்த அதே குழுக்களுக்குப் பருவத்தின் கடைசியில் கிட்டைக் கொடுத்தேன். வண்டி முதல் தடவையிலேயே நேராக ஓடியது. யாரும் கைதட்டவில்லை. சுவரில் முட்டிய வண்டிக்காரப் பெண் அதைத் தூக்கி, பின் அச்சில் ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து சின்னச் சக்கரம் ஒன்றை எடுத்து மாட்டினாள். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் தோழியிடம், "எந்தப் பக்கம் போகும், சொல்லு பார்ப்போம்" என்றாள்.