அசிஸ்ட் தளம்: பாட ஈடு பார்க்க நல்லது, திட்டம் போட மட்டும் போதாது

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இரண்டு ஆண்டு படித்துவிட்டு யூசிக்கோ (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கால் ஸ்டேட்டுக்கோ (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) மாற நினைப்பவர்கள் அசிஸ்ட் தளத்தைத் தவிர்க்க முடியாது. பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குக் கல்லூரியின் எந்தப் பாடம் ஈடு என்பதற்கு அதிகாரபூர்வப் பதிவு அதுதான். இலவசம், லாகின்கூட வேண்டாம்.

கல்வியாண்டு, படிக்கும் கல்லூரி, சேர விரும்பும் பல்கலைக்கழகம் மூன்றையும் கொடுத்து, மேஜர் (முக்கியப் பாடப்பிரிவு) வாரியாக ஈட்டு ஒப்பந்தத்தைத் திறக்க வேண்டும். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் கல்லூரிப் பாடம். 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று வந்தால் அங்கே ஈடு இல்லை. பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பாடங்களுக்கு நடுவே நிற்கும் 'அண்ட்' என்ற சின்னச் சொல்லில். யூசி வளாகங்களில் பெர்க்லியும் மெர்சடும் செமஸ்டர் முறை (ஆண்டுக்கு இரண்டு பருவம்). இளங்கலை நடத்தும் மற்ற யூசி வளாகங்கள் குவார்ட்டர் முறை (ஆண்டுக்கு மூன்று பருவம்). கம்யூனிட்டி காலேஜ்களோ பெரும்பாலும் செமஸ்டர். பல்கலைக்கழகத்தில் மூன்று குவார்ட்டருக்கு ஓடும் கால்குலஸ் கல்லூரியில் இரண்டு செமஸ்டரில் முடிந்துவிடும்; அந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஈடு. ஒன்றோடு கிளம்பினால் யூனிட் (பாட மதிப்பு அளவு) ஏறும், மேஜர் தேவை தீராது. 'யூசி ஏற்கும் பாடம்' பட்டியலை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடுபவர்களுக்கும் இதே கதிதான்.

குழப்பத்துக்குத் தளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 1960இன் மாஸ்டர் பிளான் என்ற மாநில உயர்கல்வித் திட்டம் யூசி, கால் ஸ்டேட், கம்யூனிட்டி காலேஜ் என்ற மூன்று அமைப்புகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. பாட ஈட்டை முடிவு செய்வது அந்தந்த வளாகப் பேராசிரியர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்துவந்த மாநில ஆணையமும் 2011இல் ஆளுநர் ஜெரி பிரவுன் நிதியை வெட்டியதும் மூடப்பட்டது. பிறகு சட்டசபைதான் ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுகிறது. 2021இன் இரு சட்டங்களில் ஒன்றின்படி, 2025 இலையுதிர் பருவம் முதல் பொதுக்கல்விக்கு (எந்த மேஜருக்கும் பொதுவான பாடங்கள்) கால்-கெட்சி என்ற ஒரே 34 யூனிட் பட்டியல். மற்றொன்று கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் பொதுப் பாட எண் தருகிறது: இஎன்ஜிஎல் சி1000 என்ற ஆங்கிலப் பாடம் எந்தக் கல்லூரியிலும் ஒரே பாடம். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய எண்ணில் படித்தவர்கள் ஆண்டை மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கிறது.

அட்மிஷனுக்கு எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும், போட்டி எப்படி என்பதை இங்கே தேடாதீர்கள். ஸ்டான்போர்ட் போன்ற பல தனியார் பல்கலைக்கழகங்களும் இங்கே கிடையாது. பாடம் எடுத்த ஆண்டின் ஒப்பந்தத்தை அப்போதே பிடிஎஃப்பாகச் சேமித்து, கல்லூரியின் கவுன்சிலரை (படிப்பு ஆலோசகர்) பார்க்கும்போது கையில் கொண்டுபோங்கள்.