வாடகை வீட்டை நாமே பார்த்துக்கொள்வதா, நிர்வாகியிடம் விடுவதா?

எங்களுக்கு இரண்டு சிறிய வாடகை வீடுகள் உண்டு. ஒரே கட்டடத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. முதல் மூன்று ஆண்டுகள் ஒரு நிர்வாக நிறுவனத்திடம் விட்டிருந்தோம். அதன்பின் ஐந்து ஆண்டுகளாக நானே பார்த்துக்கொள்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம், முடிந்தவரை நீங்களே பாருங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

பலரும் முதலில் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். வாடகையில் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 36 நாள் வாடகை நிர்வாகிக்குப் போகிறது. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ஆண்டு வருமானத்தில் 8.3 சதவீதம் போகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. நம்மால் ஆள் பிடிக்க முடியாமல் ஆண்டுதோறும் ஒரு மாதத்துக்கு மேல் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், கட்டணம் கொடுப்பதில் நட்டம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரியை ஊன்றிப் படிக்க வேண்டும். புதிதாகக் குடிவருபவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம் உண்டா? உண்டென்றால், இருப்பவர் காலி செய்வது நமக்கு நட்டம், நிர்வாகிக்கு வரவு. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் இருக்கும் குடித்தனத்தைத் தக்கவைக்க வேண்டும் என்ற தவிப்பு நமக்கு இருக்கும் அளவுக்கு அவருக்கு இருக்காது.

விளம்பரம் கொடுப்பது, வருபவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டுவது, ஒப்பந்தத் தாள்களைப் பிழையில்லாமல் தயாரிப்பது ஆகியவற்றில் நிர்வாகியின் கை மேலோங்கியிருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் முடிவை மாற்றியது தண்ணீர்தான்.

கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஒரு நாள் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்திருக்கிறது. குடியிருந்தவர்கள் நிர்வாகிக்குச் சொன்னார்கள். நிர்வாகி குழாய் வேலைக்காரருக்குச் சொன்னார். அவர் வந்த நேரம் மேல் வீட்டில் ஆள் இல்லை. 'நேரில் சென்றோம், வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடியும் புகார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை பெயிண்டரை அனுப்பிக் கறையின் மேல் வெள்ளை அடித்தார்கள். அந்த பெயிண்ட் வேலைக்கான பில் என் கைக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது புது பெயிண்ட் கொப்பளித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் பூச்சு ஈர மாவுபோல உள்ளே போனது. கதவு நிலையின் அடிப்பகுதி ஊறி உப்பி, கதவு சாத்தவே இல்லை. மூலையில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. காரணம் மேல் வீட்டுக் குளியலறையில் இருந்தது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் அடைக்கப் பூசிய சிலிக்கோன் பசை ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. குளிக்கும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கில் இறங்கியிருக்கிறது. பழையதைச் சுரண்டி, உலரவிட்டு, புதிதாகப் பூச ஒரு குழல் சிலிக்கோனும் அரை நாளும் போதும். ஏழு வாரம் கழித்து அதற்காகக் கூரைப் பூச்சையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஈரம் நமக்காகக் காத்திருக்காது. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். எனவே வாடகை வீட்டில் பழுது எவ்வளவு பெரியது என்பதைவிட, அதைப் பார்த்தவருக்கும் சரிசெய்பவருக்கும் நடுவே எத்தனை நாள் போகிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. இடையில் ஒரு கை கூடினால் ஒரு வாரம் கூடுகிறது.

அதைவிட என்னை வருத்தியது கீழ் வீட்டு அம்மா சொன்ன பதில். ஏன் எனக்கே தெரிவிக்கவில்லை என்று கேட்டேன். "உங்கள் எண் எங்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை சார். சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், இந்த வீடு இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்" என்றார். ஒழுங்காக வாடகை கொடுத்து, வீட்டைத் தன் வீடுபோல வைத்திருந்த குடும்பம் அது. ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்துவிட்டார்கள். நான் இழந்ததில் பெரியது அந்தக் குடும்பம்தான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லி, அவர்களுக்கு வசதியான நேரத்தில் போகிறேன். பத்து நிமிட வேலை. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயத்தைக் கரைத்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பேன். ஃப்ளஷ் செய்யாமலேயே கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே அடைப்பான் தேய்ந்திருக்கிறது. சிங்க்குக்கு அடியில் குழாய் இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரிந்துவிடும். குளியலறை மூலைகளில் சிலிக்கோனை நகத்தால் நெருடிப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, மீட்டரைக் குறித்துவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பேன். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வீடு காலியாக இருக்கும் காலத்தில் வடிகால்களில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வருவேன். இல்லாவிட்டால் வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றி, வீடு பார்க்க வருபவர்களைச் சாக்கடை நாற்றம் வரவேற்கும்.

குடிவரும் நாளில் முதலில் காட்டுவது தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வை. ஒருநாள் நள்ளிரவில் மேல் வீட்டில் குழாய் பிடுங்கிக்கொண்டது. நான் எழுந்து கிளம்புவதற்குள் அவர்களே வால்வை மூடிவிட்டார்கள். தரையைத் துடைத்ததோடு போயிற்று.

இதில் நான் தோற்ற இடமும் உண்டு. வாடகை தாமதமாகும்போது நிர்வாகி ஒரு கடிதம் அனுப்பிவிடுவார். நான் எதிரே உட்கார்ந்து அவர்கள் கஷ்டத்தைக் கேட்கிறேன். ஒருமுறை 'அடுத்த மாதம்' என்று நான் விட்டுக்கொடுத்தது நான்கு மாதம் ஆனது. அவர்களுக்கும் அது எட்ட முடியாத கடனாகிவிட்டது. முதல் வாரத்திலேயே தவணை பிரித்து எழுதி வாங்கியிருந்தால் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

என் அனுபவம் இரண்டு வீடுகளோடு நிற்கிறது, அதுவும் நடந்து போகும் தூரத்தில். யாரையும் சட்டப்படி வெளியேற்ற வேண்டிய நிலை எனக்கு வந்ததில்லை. வேறு ஊரில் இருப்பவருக்கும், வயதான பெற்றோரைக் கவனித்துக்கொண்டு நேரமில்லாமல் இருப்பவருக்கும் என் பதில் பொருந்தாது. நானே ஊர் மாறினால் மறுபடியும் நிர்வாகியிடம்தான் விட வேண்டியிருக்கும்.

அப்படி விட்டால் சிலவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவேன். குடியிருப்பவரிடம் என் எண் இருக்க வேண்டும். புகார் வந்த அன்றே அதன் நகல் எனக்கு வர வேண்டும். ஒரு வரம்புக்குள் அடங்கும் பழுதை என் அனுமதிக்குக் காத்திராமல் உடனே சரிசெய்துவிட வேண்டும். கட்டணம் வசூலான வாடகையில் மட்டுமே கணக்கிடப்பட வேண்டும். எந்தச் சுவரில் ஈரக் கறை தெரிந்தாலும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு எழுதித் தந்த பிறகே அங்கே பெயிண்டர் கால்வைக்க வேண்டும்.