படுக்கை நிலவரப் பக்கம்: மலையிலிருந்து ஒரு மதிப்புரை

2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, குன்னூரில் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததும் முதலில் பார்த்தது செய்தித்தாளை அல்ல. மருத்துவமனைப் படுக்கைகளின் நிலவரத்தை மாவட்ட வாரியாகக் காட்டிய ஓர் இணையப் பக்கத்தைத்தான். மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் பழக்கம் காரணமாக, காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தப் பக்கத்தின் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். அதைப் புரட்டிக்கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பக்கத்தின் அமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கை, அந்த வசதி இல்லாத படுக்கை, தீவிர சிகிச்சைப் படுக்கை, வென்டிலேட்டர் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மொத்தம், நிரம்பியவை, காலி என மூன்று எண்களைத் தந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிப் போட்டிருந்தால் யாருக்கும் பயன்பட்டிருக்காது. மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிஜன் குழாய் இல்லாத நூறு கட்டில்கள் காலியாக இருந்தும் என்ன? மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும், கடைசியாகத் தகவல் ஏற்றிய நேரமும் பக்கத்தில் இருந்தன. படங்களும் அலங்காரமும் இல்லாததால், சிக்னல் ஒரு கோடு மட்டும் எடுக்கும் மஞ்சூரிலும் அது திறந்தது.

அந்த மஞ்சூரில்தான் என் பெரியம்மா இருந்தார். ஒரு நாள் மதியம் அவருக்கு ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு நேராக ஆக்சிஜன் படுக்கை மூன்று காலி என்று இருந்தது. நேரத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைவுகளில் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் இருந்த செவிலியர் எங்கள் கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டு, “இது காலையில ஏத்துன கணக்குங்க. ரெண்டு போயாச்சு. மிச்சம் இருக்கற ஒண்ணு ஆம்பளைங்க வார்டுல” என்றார். காலி என்ற ஒரு சொல்லுக்குள் ஆண் வார்டு, பெண் வார்டு என்ற பிரிவும் ஒளிந்திருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பெரியம்மாவுக்கு வேறோர் இடத்தில் அன்றிரவே படுக்கை கிடைத்தது. அதையும் பக்கம் காட்டவில்லை, தொலைபேசிதான் காட்டியது.

அதன் பிறகுதான் எண்களை நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். குணமானவர்களை மருத்துவர்களின் சுற்றுக்குப் பின் அனுப்பி, கட்டிலைத் துடைத்துத் தயார் செய்வதற்குள் மதியம் ஆகிவிடும். ஆகவே காலை எண்ணையும் காலை எண்ணையும் ஒப்பிட வேண்டுமே தவிர, காலையையும் மாலையையும் ஒப்பிட்டு நிலைமை தேறியது என்று மகிழக் கூடாது. விழுக்காடு இன்னும் மோசமான வழிகாட்டி. சிறிய மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் படுக்கை ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஒன்று காலி என்றால் 20 விழுக்காடு காலி. சமவெளியில் 200 படுக்கைகளில் 10 விழுக்காடுதான் காலி என்றாலும் இருபது பேருக்கு இடம் உண்டு. அடுத்து, மொத்தமே மாறும்: 60 படுக்கைகளில் 54 நிரம்பியிருந்தால் 90 விழுக்காடு; அவசரத்தில் 30 கட்டில்களைக் கூடுதலாகப் போட்டு, நோயாளிகள் 63 ஆனால் 70 விழுக்காடு. ஒன்பது பேர் கூடியிருக்க, விழுக்காடு மட்டும் குறைந்து தெரியும். கூடுதல் கட்டிலுக்குக் கூடுதல் செவிலியர் வந்தாரா என்பதற்கோ அதில் இடமே இல்லை.

ஆனால் மலையில் இருப்பவருக்கு இந்தப் பக்கம் செய்த பெரிய பிழை, தூரத்தை மறந்ததுதான். அன்று நீலகிரியில் மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. நிலைமை முற்றினால் பலருக்கும் கோவைதான் கதி. மே கடைசியில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது. அங்கே காலி என்று தெரிந்த ஒரு படுக்கைக்கு அக்கம்பக்கத்து மாவட்டத்தினரும் கிளம்பியிருப்பார்கள். ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். சிறிய ‘பி’ வகை சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதாவது நகரத்துக்குள் நுழையும் முன்பே. சுமார் 7,000 லிட்டர் கொள்ளும் ‘டி’ வகை என்றால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆம்புலன்ஸில் எந்தச் சிலிண்டர், எத்தனை சிலிண்டர் என்று கேட்காமல் கோவையின் காலி எண்ணைப் பார்ப்பதில் பொருளில்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு வேறொரு சிக்கல். அவர்கள் வழக்கமாகச் செல்லும் சுல்தான் பத்தேரி கேரளத்தில் இருப்பதால், பக்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஊரே இல்லை.

தொற்று குறைந்த செய்தி வந்தவுடன் படுக்கை காலியாகிவிடும் என்ற நினைப்பும் தவறு. நோய் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் முற்றும்; தீவிர சிகிச்சைக்குப் போனவர் அங்கே நாட்கணக்கில் இருப்பார். ஜூன் மாதம் மாநிலத்தின் பிற பகுதிகளில் ஊரடங்கைத் தளர்த்தியபோது, குறைந்த தளர்வுகளே பெற்ற 11 மாவட்டங்களில் நீலகிரியும் இருந்தது. அப்போது என் குறிப்பேட்டில் சாதாரணப் படுக்கை வரிசையில் காலி எண் ஏறிக்கொண்டே போக, தீவிர சிகிச்சை வரிசை அசையாமல் நின்றது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். தொலைபேசி எண்ணுக்காகவே அதில் இரண்டு. இனி இப்படி ஒரு பக்கம் வந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையதான எண்ணைச் சாம்பல் நிறத்தில் காட்டட்டும். ஆண், பெண் வார்டுகளைப் பிரிக்கட்டும். மாவட்ட எல்லைக்குப் பதில் பயண நேரத்தை வைத்து வரிசைப்படுத்தட்டும். என் குறிப்பேட்டில் மே கடைசி வாரத்திலிருந்து ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: ‘பேசியது யார், எத்தனை மணிக்கு’. அந்தக் கட்டம் நிரம்பாத எந்த வரியை நம்பியும் நாங்கள் வண்டி எடுக்கவில்லை.