“மீட்ட பாம்பு, விலை இல்லை” என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஒரு தலையணை உறைக்குள் முடிச்சுப் போட்டுத்தான் அந்தப் பாம்பை ஒருவர் என்னிடம் கொடுத்தார். ஏப்ரல் மாதம், பிற்பகல் இரண்டு மணி. வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உறை அரை மணி நேரமாக பைக் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். “மீட்ட பாம்பு” என்ற சொல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

கைபேசியில் வந்த செய்திதான் தொடக்கம். பெங்களூரில் ஒருவர் வளர்க்க முடியாமல் கைவிட்ட பால் பைத்தான் (ball python என்னும் அயல்நாட்டு மலைப்பாம்பு வகை), அதற்கு நல்ல வீடு தேடுகிறோம் என்று படத்தோடு வந்தது. அனுப்பியவரிடம் பேசினேன். “தம்பி, இதற்கு விலை கிடையாது. இதுவரை நாங்கள் செய்த செலவை மட்டும் கொடுத்துவிடுங்கள்” என்றார். செலவு 12,000 ரூபாய். கண்ணாடித் தொட்டி, சூடேற்றும் கல், மருந்து என்று மேலும் 6,500. எல்லாம் கைபேசி வழியாகவே அனுப்பினேன். ஓராண்டு வயது, அரைக் கிலோ எடை, வாரம் ஒரு எலி தவறாமல் சாப்பிடும், காகிதம் பக்கா என்றார். என் வீட்டைப் பற்றியோ, நான் இதற்கு முன் பாம்பு வளர்த்திருக்கிறேனா என்றோ ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. உண்மையாகவே ஓர் உயிரை மீட்டவர் அதைக் கொடுக்கும் முன் ஆயிரம் கேள்வி கேட்பார். அது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் அன்று மாலையே நிறுத்துப் பார்த்தேன். 240 கிராம். முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்திக்கொண்டிருந்தது. நன்றாகத் தின்று வளர்ந்த பால் பைத்தானின் உடல் உருண்டு திரண்டிருக்கும். இதன் இரண்டு கண்களின் மேலும் பழைய சட்டை உரியாமல் ஒட்டி, பால் படிந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. தொட்டதும் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது. பெயரில் இருக்கும் ‘பால்’ குடிக்கும் பால் அல்ல, ஆங்கிலத்தில் சொல்லும் இந்தப் பந்துதான். பக்கத்து வீட்டுப் பாட்டி அன்புடன் கிண்ணத்தில் பால் கொண்டு வந்தார். பாம்புக்குப் பால் உணவல்ல என்று அவருக்கு எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

மூன்றாம் நாள் காலையில் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. வெயிலுக்குக் கிடக்கிறது என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது அடியில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் கிடந்தன. விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், சில புள்ளிகள் நகர்ந்தன. அவை செள்ளு. பாம்பின் செதில் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் ஒட்டி இரத்தம் உறிஞ்சுபவை. அவற்றின் தொல்லை தாங்காமல்தான் அது தண்ணீரிலேயே கிடந்திருக்கிறது. பாம்பைக் கொடுத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தந்த மருந்தை நேரடியாகத் தெளிக்கச் சொன்னார். லேபிள் கிழிக்கப்பட்ட பாட்டில் அது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, நாய் உண்ணிக்குப் போடும் மருந்துபோல் இருக்கிறது என்றார். அதைத் தெளித்திருந்தால் அந்த 240 கிராம் உயிர் அன்றே போயிருக்கலாம்.

அந்தச் சூடேற்றும் கல்லை நினைத்தால்தான் இன்னும் என் வயிறு எரிகிறது. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறு முனை 26 டிகிரி அளவில் இருந்தால் அது தனக்கு வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். எங்கள் அறையே பகலில் 36 டிகிரி. இந்த ஊரில் ஏப்ரலில் பாம்புக்குத் தேவை குளிர்ச்சி. அதை அறியாத என் தலையில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகூட இல்லாத கல்லைக் கட்டிவிட்டார். இரவில் மட்டும் போடலாம் என்று போட்டேன். அடிவயிறு சுட்டால் பாம்பு தானாக விலகிவிடும் என்று நம்பக் கூடாதாம், எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் தூக்கிப் பார்த்தபோது வயிற்றுச் செதில்கள் ஆறு, தீய்ந்த அப்பளத்தின் ஓரம்போல் பழுப்பேறியிருந்தன. அந்தத் தவறு என் கையால் நடந்தது.

கல்லைத் தூக்கி எறிந்தேன். வாய் உடைந்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஈரமான தேங்காய் நார்த்தூள் பரப்பி, தொட்டியைச் சுற்றி நனைந்த கோணி கட்டினோம். அன்றிரவு முதன்முறையாக அது தண்ணீரை விட்டு வெளியே வந்து பானைக்குள் படுத்தது. ஆனால் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு விடும்போது சோடா பாட்டில் திறப்பதுபோல் மெல்லிய சத்தம் வந்தது. மூக்கோரம் நுரை. சாப்பிடாவிட்டால் வாயைப் பிளந்து கோழித் துண்டைத் திணிக்கும்படி அவர் யோசனை சொன்னார். அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

நம் பக்கம் மாட்டுக்கும் நாய்க்கும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாம்புக்குச் சென்னைதான் போக வேண்டியிருந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு, தெர்மோகோல் பெட்டியில் துணிப் பையோடு வைத்து, நண்பரின் காரில் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, தீக்காயம், செள்ளு என்று டாக்டர் எழுதினார். அடுத்து, பதிவுச் சான்று எங்கே என்று கேட்டார். பாம்பைக் கொடுத்தவர் தந்த முத்திரைத்தாளை நீட்டினேன். “தத்தெடுப்பு ஒப்பந்தம்” என்று தலைப்பு, கீழே இரண்டு கையெழுத்து.

அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பால் பைத்தான் போன்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024இல் வந்த விதிகள், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் என்று சொல்கின்றன. நம் ஊர்ச் சாரையோ நல்ல பாம்போ மண்ணுளியோ என்றால் பேச்சே இல்லை, வீட்டில் வைக்கவே கூடாது. பாம்பைக் கொடுத்தவர் என்னிடம் மண்ணுளிப் பாம்பின் படத்தையும் காட்டி, லட்சக்கணக்கில் போகும் என்று ஆசை காட்டினார். இரிடியம், அதிர்ஷ்டம் என்று அந்தப் பாம்பைச் சொல்லி எத்தனை பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

மருந்து ஊசி முடிந்து, மூச்சுச் சத்தம் அடங்கியதும், பாம்பையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்கு நானே போனேன். என் மீது வழக்கு வருமோ என்று அம்மா அழுதார். நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும் முன் நிறுத்தோம், 265 கிராம். மோசடி பற்றி இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிந்தேன். ஆனால் பணம் அனுப்பி ஒரு மாதம் கழிந்திருந்தது. அனுப்பிய அன்றே சந்தேகப்பட்டுக் கூப்பிட்டிருந்தால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

நீங்கள் யாராவது இப்படி ஒரு பாம்பை எடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் பேசும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் பத்து நிமிடம் விட்டு, கரும்புள்ளி நகர்கிறதா என்று பாருங்கள். ரயில் நிலைய வாசலில் மட்டும் வாங்காதீர்கள்.

சென்ற வாரம் குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தை மகனுக்கு ஒரு செய்தி வந்தது. நல்ல வீடு தேடும் பாம்பு, விலை இல்லை, செலவு மட்டும் கொடுத்தால் போதும். படத்தில் இருப்பது நான் ஒப்படைத்த அதே பாம்பு. தொலைபேசி எண் மட்டும் வேறு.