பன்னிரண்டு நாள் ஸ்கூபா பயிற்றுநர் வகுப்பு: கட்டிய பணத்துக்கு என்ன கிடைத்தது?

காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவிங்கைப் பொழுதுபோக்காகத் தொடங்கி, அதைக் கற்பிப்பதையே பிழைப்பாக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் எல்லோரும் கடந்தாக வேண்டிய வாசல், ஐ.டி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயிற்றுநர் மேம்பாட்டு வகுப்பு. எஸ்.எஸ்.ஐ., சி.எம்.ஏ.எஸ். போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளுக்கும் இதற்கு இணையான வகுப்புகள் உண்டு. நான் சேர்ந்தது 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ. அமைப்பின் பாடத்திட்டப்படி ஒரு தனியார் மையம் நடத்திய வகுப்பில். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் சில, வேறு இடங்களில் படித்த நண்பர்களும் சொன்னவையே.

சேர்வதற்கான தகுதிகளை விளம்பரங்கள் பெரும்பாலும் பொடி எழுத்தில் போடுவதால் அவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ ஆகிய படிகளைக் கடந்து, பயிற்றுநருக்கு முந்தைய படியான டைவ் மாஸ்டர் ஆகியிருக்க வேண்டும். முதல் சான்றிதழ் பெற்று ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பதிவேட்டில் 60 டைவ் இருந்தால் வகுப்பில் சேரலாம், வகுப்பின் முடிவில் நடக்கும் தேர்வுக்கு உட்கார 100 வேண்டும். கடந்த 12 மாதங்களுக்குள் மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்றிதழ் தேவை. முதலுதவி கற்பிக்கும் தகுதியையும் தேர்வுக்கு முன் பெற்றுவிட வேண்டும். இந்த நூறு என்ற எண்ணிக்கை போதாது என்பது என் கருத்து. எங்கள் ஆறு பேரில் இருவர், கணக்கை நிரப்புவதற்காகவே ஒரே இடத்தில், ஐந்து மீட்டர் ஆழத்தில், கடைசிப் பத்துப் பன்னிரண்டு டைவ்களை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். பதிவேடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நீரோட்டம் சற்று இழுத்தாலே அவர்களுடைய கவனம் மாணவரை விட்டுத் தங்கள் மேலேயே திரும்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

கோட்பாட்டுப் பாடங்கள் இந்த மையத்தின் பலம். இயற்பியல், உடலியல், கருவிகள், டைவ் திறன்களும் சுற்றுச்சூழலும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும் டைவ் அட்டவணை என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே 75 விழுக்காடு எடுக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. 150 கிலோ எடையுள்ள ஒரு நங்கூரம் கடலடியில் 60 லிட்டர் நீரை இடம்பெயர்த்துக் கிடக்கிறது, அதை எழுப்ப மிதவைப் பையில் எவ்வளவு காற்று நிரப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை 1.03 கிலோ, ஆகவே 61.8 கிலோவைக் கடல் தாங்கிக்கொள்கிறது, மிச்சமுள்ள 88.2 கிலோவுக்கு ஏறத்தாழ 85.6 லிட்டர் நீரை இடம்பெயர்க்கும் அளவுக்குக் காற்று வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் சண்டை போட்டு இந்த விடையைக் கண்டுபிடித்திருந்தோம். பள்ளியில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் எனக்கு இப்படிப் புரிந்ததே இல்லை.

அடுத்தது திறன் காட்டல். மொத்தம் 24 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இங்கேதான் நன்றாக டைவ் செய்யத் தெரிந்தவர்கள் தடுமாறுகிறார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் புகுந்த நீரை நான் இரண்டு நொடியில் வெளியேற்றிவிடுவேன். அதற்குக் கிடைத்தது மூன்று மதிப்பெண். மாஸ்க்கின் மேல் விளிம்பை விரல்களால் அழுத்துவது, மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுவது, தலையை உயர்த்துவது, நீர்மட்டம் கண்ணுக்குக் கீழே இறங்குவது என ஒவ்வொன்றும் பயந்துபோயிருக்கும் ஒரு புதியவருக்குத் தனித்தனியாகத் தெரியும்படி, வேண்டுமென்றே மெதுவாகவும் மிகைப்படுத்தியும் செய்து காட்டினால்தான் ஐந்து கிடைக்கும். நமக்குக் கைவந்துவிட்ட ஒன்றை மறுபடியும் துண்டு துண்டாக்குவது அலுப்பான வேலை. நான்கு நாள் அதையே செய்யவைத்தார்கள், அதற்கு நன்றி சொல்கிறேன்.

இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு மாதிரி வகுப்புகளில் இருக்கிறது. ஒருவர் பயிற்றுநராக நிற்க, மற்றவர்கள் மாணவர்களாக நடிக்க, அவர்களில் யார் எந்தத் தவற்றைச் செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் இரகசியமாகச் சொல்லிவிடுவார். என் முறை வந்தபோது, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்பப் பொருத்தும் திறனைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். முதல் ‘மாணவர்’ ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே இருக்காமல் அடக்கிக்கொண்டிருந்தார். சிறு குமிழிகள் வரவில்லை என்பதை உடனே கண்டு, சைகை காட்டித் திருத்தினேன். அதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், எனக்கு இடப்புறம் முழங்காலிட்டிருந்த இரண்டாமவர் பி.சி.டி. எனும் மிதவைச் சட்டையில் காற்றை ஏற்றிக்கொண்டு மெல்ல மேலே எழும்பிவிட்டார். அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு என் தோளுயரத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கரையேறியதும் பயிற்சியாளர் கடிந்துகொள்ளவில்லை. அந்த நேரத்தில் என் இடக்கை எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். அது என் தொடைமேல் சும்மா இருந்தது. மற்ற மாணவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி நான் அவர்களை உட்காரவைக்கவே இல்லை. இப்படி ஒவ்வொரு மாதிரி வகுப்புக்குப் பிறகும் நடந்த அரை மணி நேர அலசலுக்காகவே இந்த வகுப்பை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்.

திறந்த கடலில் நடந்த பயிற்சிகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, நினைவிழந்தவரை நீர்மட்டத்தில் இழுத்துவருவது: ஐந்து நொடிக்கு ஒருமுறை செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே அவருடைய கருவிகளையும் நம்முடையவற்றையும் கழற்ற வேண்டும். கொக்கியில் கவனம் போனால் மூச்சின் தாளம் தவறும், தாளத்தைப் பிடித்தால் கொக்கி சிக்கும். மற்றொன்று, காற்று தீர்ந்துபோன நிலையில் ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்திலிருந்து ஒரே மூச்சை விட்டுக்கொண்டே கட்டுப்பாட்டுடன் மேலே வரும் பயிற்சி. இதை ஒரு நேரத்தில் ஒரு மாணவருக்குத்தான் கற்பிக்க முடியும் என்பதால், எட்டு மாணவர்கள் இருந்தால் பயிற்றுநர் எட்டு முறை இறங்கி எட்டு முறை ஏற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் நீரின் அழுத்தம் மாறுவதால், இந்தத் தொழிலில் காதுதான் முதலில் தேயும் என்று பழையவர்கள் சொல்வதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது.

தேர்வு இரண்டு நாள். அதை நடத்துபவர் மையத்தைச் சேராத, அமைப்பு அனுப்பும் தேர்வாளர் என்பது நல்ல ஏற்பாடு. நம்மைத் தேற்றிவிடுவதில் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. எழுத்துத் தேர்வு, ஐந்து திறன்கள், நிலத்திலும் நீரிலும் மாதிரி வகுப்புகள், மீட்புப் பயிற்சி ஆகியவற்றில், ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை. ஆறு பேரும் தேறினோம்.

இனி குறைகள். விளம்பரத்தில் இருந்த கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் சான்றிதழுக்கான விண்ணப்பக் கட்டணமும் பாடநூல்களும் முதலுதவிப் பயிற்றுநர் வகுப்பும் அடங்கவில்லை. ஒவ்வொன்றாக, சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். வேலை பார்க்கத் தொடங்கும்போது பொறுப்புக் காப்பீடு வேண்டும், ஆண்டுதோறும் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும் என்பவை பற்றியும் அவர்களாகப் பேச்செடுக்கவில்லை. கடைசி மூன்று நாள் முழுவதும் தேர்வுக்கான ஒத்திகையாகவே கழிந்தது. அந்த நேரத்தில் பாதியையாவது, மையத்திலேயே நடந்துகொண்டிருந்த உண்மையான தொடக்க வகுப்பு ஒன்றில் ஓரமாக நின்று பார்க்க விட்டிருக்கலாம். நாங்கள் நடித்துக் காட்டிய அச்சம் வேறு. முதன்முதலாகத் தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் ஒருவருடைய கண்ணில் தெரியும் அச்சம் வேறு. ‘வேலைவாய்ப்பு வழிகாட்டல்’ என்று அச்சிட்டிருந்தது அரை மணி நேரப் பேச்சாக முடிந்தது. பயிற்றுநரின் நாளில் பெரும்பகுதி சிலிண்டர் தூக்குவதிலும் நிரப்புவதிலும் கருவிகளை நன்னீரில் அலசுவதிலும் போகும் என்பதை அதில் யாரும் சொல்லவில்லை. படகு ஓட்டுபவர்தான் சொன்னார். எங்களில் முதலில் வேலை கிடைத்தவர், மதிப்பெண் அதிகம் பெற்றவர் அல்லர், நான்கு மொழி பேசத் தெரிந்தவர்.

கட்டணம் பற்றிய குறையை மையத்துக்கு எழுதியே தெரிவித்தேன். பதிலில் வருத்தம் தெரிவித்து, இனிச் சேர்பவர்களுக்கு முழுப் பட்டியலையும் முன்கூட்டியே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வகுப்பில் சேரவிருந்த ஒருவர் அந்தப் பட்டியலை எனக்குக் காட்டினார். பாடநூல், முதலுதவி வகுப்பு, விண்ணப்பம் எல்லாம் வரிசையாக இருந்தன. தேர்வுக் கட்டணம் மட்டும் இன்னும் இல்லை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.